வாசிப்பில் தடுமாறும் கம்பஸ் பிள்ளைக்கு மென்டராக இருப்பது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்கான முழு வழிகாட்டி

கணக்கியல் டிப்ளோமா படிக்க வந்த ஒரு பொடியன், களுவாஞ்சிகுடிப் பக்கம். பெறுமானத்தேய்வு என்றால் என்ன என்று கேட்டால் அப்பாவின் தோணி எஞ்சினை வைத்து விளக்குவான். "வாங்கக்குள்ள மூண்டு லெட்சம் சேர். அஞ்சு வருசமா உப்புத்தண்ணி தின்னுது. இப்ப வித்தா ஒரு லெட்சமும் வராது. மத்த ரெண்டு லெட்சமும் எங்க போன? நாங்க பிடிச்ச மீனுக்குள்ள போயிட்டு." இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் காணவில்லை. அதே பொடியன் பரீட்சையில் ஒரு மணித்தியாலத்தில் பதினான்கு வரி எழுதினான். அதிலும் மூன்று வரி வெட்டு. 57,000 என்ற தொகை அடுத்த பக்கம் போனபோது 75,000 ஆகியிருந்தது.

ஆறு மாதமாக நான் அவனுக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "கொஞ்சம் கவனமா வாசிங்க தம்பி." வகுப்பிலேயே ஆகக் கூடிய கவனத்துடன் வாசித்தவன் அவன்தான் என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. எழுத்தைப் பிடிப்பதற்கே கவனம் முழுவதும் செலவாகிப்போனால் பொருளுக்கு எதை மிச்சம் வைப்பது?

பாடம் தெரிந்திருப்பது வேறு, தெரிந்ததைத் தாளில் இறக்குவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் மென்டரின் வேலை. பாடம் சொல்லிக்கொடுக்க விரிவுரையாளர் இருக்கிறார், குப்பி போட, அதாவது கூடியிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க, பெட்ச் பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்தாறுமூலை, கல்லடி, ஒலுவில், தாழங்குடா, அட்டாளைச்சேனை, ஹார்டி, தொழில்நுட்பக் கல்லூரி, எங்கே படிக்கும் பிள்ளையானாலும் கீழே சொல்வது பொருந்தும். நீங்கள் விரிவுரையாளராகவோ சீனியராகவோ படித்து முடித்து வேலைக்குப் போனவராகவோ இருக்கலாம்.

படி 1: இது எந்தச் சிக்கல் என்று முதலில் பாருங்கள்

அவசரப்பட்டு "டிஸ்லெக்சியா" (வாசிப்பு இடர்பாடு) என்று பெயர் வைத்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை வாசிப்பில் பின்தங்க வேறு காரணங்கள் நிறைய உண்டு. இன்று கம்பஸில் இருக்கும் பிள்ளைகளின் பள்ளிக் காலத்தை எண்ணிப் பாருங்கள்: 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு பள்ளிகள் வெறிச்சோடிக் கிடந்த நாட்கள், 2020, 2021இல் கொரோனா, 2022இல் எரிபொருள் இல்லாமல் பள்ளிகள் மூடிய வாரங்கள். படுவான்கரையில் ஒரு பாடசாலையில் ஆங்கில ஆசிரியரே இல்லாமல் ஓ.எல். எழுதிய பிள்ளைக்கு ஆங்கிலம் வாசிக்க வரவில்லை என்றால் அது மூளையின் சிக்கல் இல்லை, ஆசிரியர் இல்லாத சிக்கல்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம். 5 என்ற நோய்நிர்ணயக் கையேடும் இதையேதான் கேட்கிறது. சிரமம் பள்ளி வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும். உதவி கொடுத்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். பார்வை, கேள்வித்திறன், மொழி தெரியாமை, கற்பித்தல் போதாமை ஆகியவற்றால் விளக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். ஆகவே முதல் வேலை கண் பரிசோதனை. சிரிக்காதீர்கள். இரண்டு வருடம் "மொக்கு" என்று பெயர் வாங்கிய ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மொழி விசயம். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஆகக் கூடிய குழப்பம் இங்கேதான்.

தமிழில் 247 எழுத்து இருந்தாலும் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் ஒழுங்கானது. 'கி' என்ற எழுத்தை எந்தச் சொல்லில் கண்டாலும் 'இ' என்ற உயிர் மாறாது. ஆங்கிலம் அப்படியில்லை. ஒரே எழுத்துச் சேர்க்கை நாலு சொல்லில் நாலு விதமாக ஒலிக்கும். எழுத்து ஒழுங்காக உள்ள மொழிகளில் வாசிப்பு இடர்பாடு பிழையாக வெளியே தெரிவது குறைவு. வேகக் குறைவாகத்தான் தெரியும். அதனால் இடர்பாடு உள்ள பிள்ளை தமிழில் மெல்ல மெல்ல, ஆனால் சரியாக வாசித்து, மனனம் செய்து, ரியூசன் நோட்ஸை நம்பி உயர்தரம் வரை வந்துவிடும். கம்பஸில் ஆங்கில மொழிமூலப் பீடத்துக்குள் கால் வைத்ததும் எல்லாம் சரியும். "இங்கிலிஸ் தெரியாத பிள்ளை" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுவார்கள், அந்தப் பிள்ளை உட்பட.

வேறுபிரிக்க ஒரு எளிய வழி: தமிழில், பழக்கமில்லாத ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். பத்திரிகையில் ஒரு பொருளாதாரச் செய்தி போதும். ஆங்கிலம் மட்டும் தெரியாத பிள்ளை தமிழைச் சரளமாக வாசிக்கும். இடர்பாடு உள்ள பிள்ளை தமிழிலும் விரல் வைத்து வாசிக்கும், வரி தாவும், நீண்ட சொல்லை முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து ஊகிக்கும். "பொறுப்பேற்றுக்கொண்டதாக" போன்ற சொல் வந்தால் நின்றுவிடும். அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று கேளுங்கள். கேட்டபோது முழுவதும் விளங்கி, வாசித்தபோது விளங்கவில்லை என்றால் உங்களுக்கு ஒரு துப்புக் கிடைத்துவிட்டது. துப்பு மட்டும்தான், நோய்நிர்ணயம் இல்லை. எழுதுவதில் மட்டும் சிக்கல், எண்களில் மட்டும் சிக்கல் என்றும் பிள்ளைகள் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் வரும்.

படி 2: முதல் சந்திப்பு

நீங்கள் சீனியர் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். பகிடிவதையைத் தடுக்க 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஆனால் முதல் வருடப் பிள்ளையின் பயத்தை எந்தச் சட்டமும் போக்கவில்லை. "தம்பி, தனியா வாங்க, கதைக்கணும்" என்று ஒரு சீனியர் கூப்பிட்டால் அது எதற்கென்று அந்தப் பிள்ளை நினைக்கும் என்று யோசியுங்கள். ஆகவே ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், பகலில், நூலகத்துப் படிக்கட்டிலோ கன்டீனிலோ சந்தியுங்கள். முடிந்தால் அந்தப் பிள்ளை நம்பும் ஒருவர் மூலம் பேச்சைத் தொடங்குங்கள். மாணவி என்றால் இன்னும் கவனம்: கதவு திறந்திருக்கும் அறை, தோழி ஒருத்தி பக்கத்தில். ஊர் வாய்க்கு வேலை கொடுக்காமல் இருப்பதும் உதவியில் ஒரு பகுதிதான்.

"உங்களுக்குப் பிரச்சினை இருக்கு" என்று தொடங்க வேண்டாம். நான் தொடங்குவது இப்படித்தான்:

"மகன், நீங்க போன கிழமை அந்தக் கேள்விக்கு வாயால சொன்ன பதில் நல்லா இருந்திச்சி. அதே பதில் தாளில வரல்ல. நடுவுல என்ன நடக்குது எண்டு எனக்கு ஒள்ளுப்பம் சொல்லுங்களன்."

பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு நிமிட மௌனம் நீண்டதாகத் தோன்றும், தாங்குங்கள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் சொல்வது "நான் சோம்பேறி சேர்" என்பதுதான். ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் காலத்திலிருந்தே கேட்டுப் பழகிய சொல் அது. அதை மறுத்து வாதாடாமல், "சரி, எத்தனை மணிக்குப் படிக்க உட்கார்ந்தீங்க, எத்தனை பக்கம் முடிஞ்சிது?" என்று கேளுங்கள். நாலு மணித்தியாலம் இருந்து மூன்று பக்கம் முடித்தவன் சோம்பேறி இல்லை என்பது அவன் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

இன்னும் மூன்று கேள்வி அவசியம். சின்ன வயதில் எழுத்துப் பழகும்போது எப்படி இருந்தது? வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா? ஓ.எல்., ஏ.எல். பரீட்சையில் ஏதாவது விசேட வசதி கிடைத்ததா? இரண்டாவது கேள்வி ஏனென்றால் வாசிப்பு இடர்பாடு குடும்பத்தில் தொடர்ந்து வரும் இயல்புடையது. மூன்றாவது ஏனென்றால் பரீட்சைத் திணைக்களம் விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்குச் சலுகை வழங்குகிறது. அப்படி ஒரு கடிதம் பழைய ஃபைலில் கிடந்தால் பின்னால் அது பொன்.

அந்தப் பிள்ளையின் அனுமதி இல்லாமல் இந்தப் பேச்சை ஒருவரிடமும் கொண்டுபோகாதீர்கள். துறைத் தலைவரிடமும் இல்லை, வீட்டாரிடமும் இல்லை.

படி 3: மருத்துவ அறிக்கை

வயது வந்தவர்களுக்குத் தமிழில் முறையான கற்றல் இடர்பாட்டுச் சோதனை செய்விப்பது எங்கள் மாவட்டங்களில் லேசான காரியம் இல்லை. பல்கலைக்கழக வைத்திய அதிகாரியிடம் தொடங்கி, அவர் கடிதத்தோடு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநல மருத்துவப் பிரிவுக்குப் போவது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி. "உளநலம்" என்ற பலகையைக் கண்டதும் பிள்ளை திரும்பிப் போகலாம். முதல் தடவை கூடப் போங்கள். பழைய தேர்ச்சி அறிக்கைகள், திருத்தப்பட்ட விடைத்தாள், ஆரம்பப் பள்ளி ஆசிரியரிடமிருந்து நாலு வரி, இவை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை இடர்பாடே இல்லாத பிள்ளைக்கும் நன்மைதான்.

படி 4: கிழமைக்கு ஒரு தடவை, அதே நாள், அதே நேரம்

"எப்ப வேணுமெண்டாலும் கோல் எடுங்க" என்று சொல்வது அன்பாகத் தெரியும். ஆனால் யாரும் எடுப்பதில்லை. செவ்வாய் பின்னேரம் நாலு மணி என்று வைத்துவிட்டால் பிள்ளை வரும். 45 நிமிடம் போதும், அதற்கு மேல் இருவருக்கும் அலுப்பு.

முதல் பத்து நிமிடம் கடந்த கிழமை: எது நடந்தது, எது நடக்கவில்லை. குற்றவிசாரணை வேண்டாம். அடுத்த அரை மணித்தியாலம் ஒரே ஒரு வேலை. ஒப்படையின் கேள்வியை உடைப்பதாக இருக்கலாம், ஒரு பக்கத்தை எப்படி வாசிப்பது என்று பார்ப்பதாக இருக்கலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் அடுத்த கிழமைக்கான மூன்று வேலையை அந்தப் பிள்ளையே வட்ஸ்அப்பில் குரல் பதிவாக உங்களுக்கு அனுப்ப வேண்டும். எழுத்தில் இல்லை, குரலில். கேட்டுப் பார்த்து நினைவுபடுத்திக்கொள்ளவும் அதுவே உதவும்.

திகதிகளை ஒரு பெரிய தாளில் எழுதி விடுதிச் சுவரில் ஒட்டச் செய்யுங்கள். ஒப்படை கொடுக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். 30ஆம் திகதி கொடுக்க வேண்டுமென்றால் 27இல் வேறொருவர் பிழை பார்த்து முடிக்க வேண்டும், 24இல் முழு வரைவு, 18இல் குரல் வரைவு, 14இல் வாசிப்பு முடிவு. கேள்வி கிடைத்த அன்றே இதைப் போட்டுவிட்டால் கடைசி இரவுக் கூத்து குறையும்.

படி 5: கண்ணுக்கு முடியாததைக் காதுக்குக் கொடுங்கள்

கையில் இருக்கும் போனே போதும். அண்ட்ராய்ட் போன்களில் தமிழை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது, அமைப்புகளில் போய்த் தமிழ்க் குரலை இறக்கிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட பக்கத்தைக் கூகுள் லென்ஸால் படமெடுத்தால் எழுத்தாக மாற்றி வாசித்துக் காட்டும். கணினியில் என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருள் உண்டு. பார்வையற்றவர்களுக்காகச் செய்தது என்றாலும் இவர்களுக்கும் உதவும்.

இங்கே ஒரு கண்ணிவெடி இருக்கிறது: பாமினி. எங்கள் கம்பஸ்களில் புழங்கும் பழைய ரியூட்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் தட்டியவை. திரையில் அழகான தமிழாகத் தெரியும், ஆனால் உள்ளே கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குப்பை. வாசிப்பு மென்பொருளில் போட்டால் "வி கே எம் அரைப்புள்ளி" என்று புலம்பும். "இந்த அப் வேலை செய்யல்ல சேர்" என்று பிள்ளை விட்டுவிடும். முதலில் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கணினிக்கும் தமிழாகவே விளங்கும் எழுத்துமுறைக்கு, மாற்ற வேண்டும். அதற்கு இணையத்தில் இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு தடவை ஓடவிட்டுப் பாருங்கள், சில எழுத்து உடைந்திருக்கும். முடிந்தால் விரிவுரையாளரிடமே யூனிகோடில் கேளுங்கள். பலர் மறுப்பதில்லை, அப்படி ஒரு தேவை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

விரிவுரையைப் பதிவு செய்ய அனுமதி கேட்டே செய்யட்டும். ஆனால் இரண்டு மணித்தியாலப் பதிவை இரண்டு மணித்தியாலம் மறுபடி கேட்பது வீண். விரிவுரை நடக்கும்போதே முக்கியமான இடம் வந்தால் நேரத்தை மட்டும், 10.25, 10.50 என்று குறித்து வைத்தால் அந்த இடங்களை மட்டும் கேட்கலாம்.

கேட்பதோடு நிறுத்தினால் ஒன்றும் தங்காது. ஒரு பகுதி கேட்டு முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என்ன கேட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். அடுத்த நாள் ஒரு தடவை, மறுகா நாலைந்து நாள் கழித்து ஒரு தடவை. ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிப் பழகுவது திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட நன்றாகப் பதியும். இது எல்லா மாணவருக்கும் பொருந்தும்.

காசைக் கரைக்கும் சில விசயங்களையும் சொல்லிவிடுகிறேன். நிறக் கண்ணாடி, நிறத் தாள், கண் பயிற்சி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். இவை கற்றல் இடர்பாட்டைத் தீர்ப்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் கண் மருத்துவர் சங்கங்களும் 2009இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டன. ஞாபகசக்தி டொனிக்கும் அப்படித்தான். எழுத்தைப் பெரிதாக்கி, வரிகளுக்கு இடையில் இடம் விட்டு அச்சிடுவது சிலருக்கு இலகுவாக இருக்கும். அதற்குச் செலவு தாள் மட்டும்தான்.

படி 6: எழுத்து வேலை

வெற்றுத் தாளை முன்னால் வைத்து "எழுதுங்க" என்று சொல்வதுதான் ஆகப் பெரிய சித்திரவதை. முதலில் பேசவிடுங்கள். "இந்தக் கேள்விக்கு உங்கட அம்மாவுக்குச் சொல்ற மாதிரி பதில் சொல்லுங்க" என்று கேட்டு, அதைப் போனில் குரல்வழித் தட்டச்சுச் செய்யச் சொல்லுங்கள். பேச்சுத் தமிழில் வரும், சில சொல் கோணலாக விழும், பரவாயில்லை. கையில் ஒரு பக்கம் சரக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு சுற்று: முதல் சுற்றில் ஒழுங்கு (எது முதல், எது பிறகு), இரண்டாவது சுற்றில் எழுத்துப்பிழை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்க விட்டால் அந்தப் பிள்ளை ல, ள, ழவிலேயே சிக்கி, சொல்ல வந்ததை மறந்துவிடும்.

கணக்குப் பாடமென்றால் சதுரக் கட்டம் போட்ட கொப்பி, ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம். தொகையைப் பிரதி பண்ணியதும் வாய்க்குள் "அஞ்சு, ஏழு, மூணு சைபர்" என்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். தோணி எஞ்சின் பொடியனுக்கு இந்த ஒரு பழக்கமே பாதி மார்க்ஸை மீட்டுக் கொடுத்தது.

எங்கே நிறுத்துவது? எழுத்துப்பிழை காட்டலாம், "இந்த வசனம் எனக்கு விளங்கல்ல" என்று சொல்லலாம். கருத்தை நீங்கள் கொடுக்கக் கூடாது, வசனத்தை நீங்கள் எழுதக் கூடாது. இரக்கப்பட்டு நான் ஒரு தடவை ஒரு பிள்ளையின் முன்னுரையை எழுதிக் கொடுத்தேன். விரிவுரையாளர் அந்த முன்னுரையை மட்டும் பாராட்டினார். அந்தப் பிள்ளை இரண்டு கிழமை என் பக்கம் வரவில்லை.

படி 7: பரீட்சைக்கு முன் கடிதம்

இதைப் பரீட்சைக்கு முதல் கிழமை கொண்டுபோனால் யாருக்கும் எதுவும் செய்ய முடியாது. செமெஸ்டர் தொடங்கியதும் கொடுக்க வேண்டும். மாணவர் ஆலோசகர், துறைத் தலைவர், பீடாதிபதி, பதிவாளர் அலுவலகப் பரீட்சைப் பிரிவு என்ற வரிசையில் போகட்டும். கையளித்த பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

பிடிமானம் என்ன? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க, வலுவிழந்தோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் கல்வி நிறுவன அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதைவிட நேரடியானது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம். இலங்கை அதை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை உயர்கல்வியிலும் நியாயமான வசதிகள் செய்து கொடுக்கச் சொல்கிறது. இதைக் கடிதத்தில் ஒரு வரியில் சொன்னால் போதும், வழக்குப் போடும் தொனி வேண்டாம். கடிதத்தின் உள்ளடக்கம் இதுபோல இருக்கலாம்:

"எனக்கு வாசிப்பிலும் எழுத்திலும் கற்றல் இடர்பாடு உண்டு. மருத்துவ அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது. பாடத்தை விளங்கிக்கொள்வதில் எனக்குச் சிரமமில்லை. வினாவை வாசிக்கவும் விடையை எழுதவும் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. 3 மணித்தியாலப் பரீட்சைக்கு மேலதிகமாக 45 நிமிடமும், அமைதியான ஓர் அறையும் தந்துதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

45 நிமிடம் என்பது கால்வாசி. பிரித்தானியாவில் வழமையாகக் கொடுக்கும் அளவும் அதுவே. கேட்பது தெளிவான எண்ணாக இருந்தால் "பார்ப்போம்" என்று தட்டிக்கழிப்பது கடினம். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று. கடிதத்தை நீங்கள் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பிள்ளை கொண்டுபோகட்டும், நீங்கள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருங்கள். போவதற்கு முன் இரண்டு தடவை உங்கள் முன்னால் சொல்லிப் பழகட்டும்.

படி 8: வீடும், உங்கள் எல்லையும்

பிள்ளை விரும்பினால் மட்டும் வீட்டாரோடு பேசுங்கள். வாப்பாவும் உம்மாவும், அம்மாவும் அப்பாவும் முதலில் கேட்பது "இது சுகமாகுமா?" என்றுதான். இது சுகமாக்க வேண்டிய வருத்தம் இல்லை, வாழ்நாள் முழுக்க இருக்கும், அறிவோடு தொடர்பில்லை, வழி மாற்றிப் படித்தால் பட்டம் முடிக்கலாம் என்று நேராகச் சொல்லுங்கள். ஒரு தகப்பன் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நானும் அஞ்சாம் வகுப்போட விட்டது இதாலதான் போல" என்றார்.

காசு கொடுக்கல் வாங்கல் வேண்டாம். இரவு பத்து மணிக்கு மேல் மெசேஜ் வேண்டாம். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், "இருந்து என்ன பலன்" என்ற பேச்சுக்கு வந்தால் அது உங்கள் தனி வேலை இல்லை. அன்றே மாணவர் ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

படி 9: மெல்ல விலகுவது

முதல் வருடம் கிழமைக்கு ஒன்று. இரண்டாம் வருடம் இரு கிழமைக்கு ஒன்று. அதற்குப் பிறகு செமெஸ்டர் தொடக்கத்தில் ஒன்று, பரீட்சைக்கு முன் ஒன்று. இடையில் பிள்ளை ஒரு தடவை வராமல் விட்டால் தேடுங்கள், இரண்டாவது தடவை அது வேலையாக இருந்ததாலா வெட்கத்தாலா என்று பாருங்கள்.

தோணி எஞ்சின் பொடியன் இப்போது மேற்படிப்புக்குப் பதிந்திருக்கிறான். போன மாதம் கோல் எடுத்தான். புதிய இடத்துக்கான கடிதத்தைத் தானே தயாரித்துவிட்டானாம், வாசித்துக் காட்டட்டுமா என்றான். வாசித்தான். சமவாயத்தின் 42ஆம் உறுப்புரை என்று வந்த இடத்தில் நான் வாயைத் திறக்கப் போனேன். "பொறுங்க சேர்," என்றான். தாள் சரசரக்கும் சத்தம். வாய்க்குள் "ரெண்டு, நாலு" என்று ஒரு முணுமுணுப்பு. "இருபத்தி நாலு. மாத்திட்டன்."